சிவப்பு நூல் கட்டிய கோழிகள்

ஜனவரி 12

பொடிசுக்கு,

கோபம் அப்படியேதான் இருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். பதினாலு மாசமா இந்த வீட்டுல போன் இல்லை, இனிமேலும் வராது. பொய்யன்னு சொன்ன வாயை நான் மறக்கலை. ஆனா கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், கேள்வி ஒரு பக்கம் வந்து நிக்குது. அது உன்னைத் தவிர வேற யார்கிட்டயும் கேட்க முடியாத கேள்வி.

எழுதறது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. நான் சொல்றதைச் சொன்னபடி எழுதணும், நடுவுல நல்ல வார்த்தை சேர்க்கக் கூடாதுன்னு பேச்சு. கூலி வாரம் நாலு முட்டை.

விஷயம் இதுதான். போன மாசம் ஒரு நாள் காலையில சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சுத்தி இருக்கற பன்னெண்டும் தெரியுது, நடுவுல முள்ளைக் காணோம். முள்ளு விழுந்திடுச்சுன்னு நினைச்சு, கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “பெரியவரே, கடிகாரம் நல்லா ஓடுது, ரிப்பேர் உங்களுக்குத்தான்”ங்கறான்.

கண் டாக்டர்கிட்ட போனேன். கட்டம் போட்ட தாளைக் காட்டினார். ஓரத்துக் கோடெல்லாம் நேரா இருக்கு, நடுக்கோடு மட்டும் வெயில்ல உருகின மெழுகுவத்தி மாதிரி வளையுது. கண்ணுக்குள்ள பின்பக்கம், நட்ட நடுவுல, மஞ்சளா ஒரு புள்ளி இருக்காம். நேரா பார்க்கறது, முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கறது எல்லாம் அதோட வேலையாம். அது தேயுது. போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னார்.

“அந்த மஞ்சள் எங்கேர்ந்து வருது டாக்டர்?”னு கேட்டேன். அவருக்கு ஆச்சரியம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம். “நாம தின்னறதுலேர்ந்துதான். கீரை, முட்டை, இப்ப பாசியிலேர்ந்தும் எடுக்கறாங்க”ன்னார்.

பாசின்னதும் நீ ஞாபகத்துக்கு வந்த. நீ அந்தக் கம்பெனிக்கு முதல் நாள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. நீலப் பை, கைப்பிடி அறுந்து நாடா போட்டுக் கட்டியிருந்தது. பஸ் ஏறும்போது, “அண்ணே, குளத்துத் தண்ணியை எண்ணப் போறேன்”ன்ன. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. என்னத்தை எண்ணறேன்னு ஒரு நாள் கூட நான் கேட்டதில்லை.

இப்ப கேட்கறேன். என்னத்தை எண்ணற?

சின்னண்ணன்


ஜனவரி 24

அண்ணே,

உன் கடிதத்தை வாசல்ல நின்னுக்கிட்டே படிச்சேன், பூட்ஸைக் கூடக் கழட்டலை. கடிகாரக் கதையில சிரிச்சேன். அடுத்த வரியில சிரிப்பு நின்னுபோச்சு.

என்ன எண்ணறேன்னு சொல்றேன். இங்க பன்னெண்டு தொட்டி இருக்கு. ஒவ்வொண்ணும் ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீள்வட்டம், முழங்கால் ஆழம் கூட இல்லை. ஒரு துடுப்புச் சக்கரம் தண்ணியைச் சுத்த விட்டுக்கிட்டே இருக்கும். கடல் தண்ணியை விடப் பல மடங்கு உப்பு, சாயங்காலம் ஆனா என் பூட்ஸ் மேல வெள்ளையாப் பூத்திருக்கும். அந்த உப்புல மீன் பிழைக்காது, புழு பிழைக்காது. இந்தப் பாசி பிழைக்கும். தூசியை விடச் சின்னது, ரெண்டு வால், நீந்தும். காலையில தொட்டிக்கு ஒரு சொட்டு எடுத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சு, கட்டம் கட்டமா எண்ணுவேன். எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு. இவ்வளவுதான் என் இருபத்திரண்டு வருஷம்.

பாசி பிறக்கறது பச்சையாத்தான். சாப்பாட்டைக் குறைச்சு, உப்பையும் வெயிலையும் ஏத்தினா ஒரு வாரத்துல தொட்டி முழுக்கச் செங்கல் நிறம் ஆயிடும். வெயில் தன்னைச் சுட்டுடாம இருக்க, அது தனக்குள்ளயே ஒரு குடை பிடிச்சுக்குது. அந்தக் குடைக்குப் பேர்தான் பீட்டா கரோட்டின். கேரட்டுல இருக்கறதும் அதுவேதான். நாம அதை வடிகட்டி எண்ணெயில கரைச்சு மாத்திரை ஆக்கறோம். உடம்புக்குள்ள போனா வைட்டமின் ஏ ஆகும், கண்ணுக்கு நல்லது. மாயமருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். உன் டாக்டர் சொன்னதுதான் சரி, இருக்கறதைக் காப்பாத்த உதவலாம்.

அறுபது மாத்திரை அனுப்பியிருக்கேன். தினம் ஒண்ணு, சாப்பாட்டோட. டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டிடு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனமாக் கேளு. சிகரெட் குடிக்கறவங்க இதைத் தொடவே கூடாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, நுரையீரலைக் காப்பாத்தும்னு நம்பி, சிகரெட் குடிக்கறவங்க ஆயிரக்கணக்கான பேருக்கு இந்த பீட்டா கரோட்டினைக் கொடுத்துப் பார்த்தாங்க. நுரையீரல் புற்றுநோய் குறையலை, கூடிப்போச்சு. பாதியில நிறுத்தினாங்க. கேரட் தின்னா ஒண்ணும் ஆகாது, இந்த அளவுக்கு மாத்திரையாப் போறதுதான் ஆபத்து.

பெரியண்ணன் நுரையீரல் கெட்டுச் செத்த அன்னிக்கு, அவர் தலைமாட்டுல நின்னு, “இனி தொட மாட்டேன்”னு நீ சத்தியம் பண்ணின. அப்புறம் அந்தப் போன் பேச்சு. நீ பேசிக்கிட்டு இருக்கும்போது தீக்குச்சி உரசற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அடுப்பு பத்த வெக்கறேன்ன. உன் அடுப்புக்குப் பட்டன்தானேன்னேன். பட்டன் கெட்டுப்போச்சுன்ன. நான் பொய்யன்னேன். நீ போனை வெச்சுட்ட, மறுநாள் அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்ட.

பதினாலு மாசமா யோசிச்சுப் பார்த்தேன், அண்ணே. பட்டன் கெட்டுப் போறதுதான். நான் உன்னை நம்பறேன். நம்பித்தான் இந்த டப்பாவை அனுப்பறேன்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 9

பொடிசுக்கு,

டப்பா வந்து சேர்ந்தது. தினம் காலையில ஒண்ணு தீருது.

உன் கடிதத்தை மூணு தரம் படிச்சுக் காட்டச் சொன்னேன். தையல்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதுக்கு ஒரு முட்டை கூடுதல். புகை பத்தி எழுதினதையும் படிச்சாங்க. தெரிஞ்சுக்கிட்டேன். அந்த இடம் வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அதை எழுத வேண்டாம்னேன், எழுதிட்டாங்க.

எனக்கு நிறையக் கேள்வி இருக்கு. பசியில சிவக்குதுன்ன. நம்ம வீட்டுல நீதான் பசியில சிவப்ப, அது வேற. அந்தப் பாசிக்குத் திரும்பச் சாப்பாடு போட்டா மறுபடி பச்சையாகுமா? சிவந்தது ஞாபகம் அதுக்கு இருக்குமா? ஒரு தொட்டி சிவக்கும்போது பக்கத்துத் தொட்டிக்குத் தெரியுமா? எண்ணும்போது நீந்திக்கிட்டே இருக்குமே, ஒரே ஆளை ரெண்டு தரம் எண்ணிட மாட்டியா? தும்மல் வந்தா என்ன பண்ணுவ? பூட்ஸ் கம்பெனி தருதா, உன்னோடதா?

நான் ஸ்டோர்ல நாப்பத்தொரு வருஷம் இருந்தேன். நானூத்துப் பதினாறு பெட்டி. திருகு, மரை, பேரிங், வால்வு. எனக்குத்தான் எழுத்து தெரியாதே, பெட்டி மேல ஒட்டியிருக்கறது எனக்கு வெறும் பூச்சி. ஆனா இருட்டுல கையை விட்டு எடுத்துத் தருவேன். மூணாவது வரிசை, கீழ்த்தட்டு, இடது பக்கம் ஏழாவது பெட்டியில கால் அங்குல மரை, எண்ணெய் நாத்தம் கொஞ்சம் கூடுதலா அடிக்கும். இப்பக்கூட நடந்து போய் எடுத்துடுவேன். அந்தக் கணக்குப் பார்த்தா, உன் வேலையும் என் வேலையும் ஒண்ணுதான். சின்னச் சின்ன சாமானைத் தனித்தனியாத் தெரிஞ்சு வெச்சுக்கறது. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன்னை இன்னும் கொஞ்சம் மதிச்சிருப்பேன்.

ஆறு கோழி வெச்சிருக்கேன்னு உனக்குச் சொல்லலை இல்ல? நம்ம சண்டைக்கு அப்புறம் வந்ததுங்க. மேனேஜர், கேஷியர், டைப்பிஸ்ட், வாட்ச்மேன், கிளார்க், சூப்பர்வைசர். சூப்பர்வைசர் முட்டை போடாது, போடற கோழியைச் சுத்திச் சுத்தி வரும். பேர் தானா வந்துடுச்சு. கூண்டுல அடைச்ச மாதிரிதான் வளருதுங்க, பச்சை கிடைக்கறதில்லை. முட்டைக்கரு பழைய சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு.

கண் அப்படியேதான் இருக்கு. உடனே தெரியுமா, நாளாகுமா?

சின்னண்ணன்


பிப்ரவரி 19

அண்ணே,

பதில் எழுத உட்கார்ந்து ரெண்டு நாள் ஆச்சு.

உன் கேள்விங்களுக்கு முதல்ல பதில். சாப்பாடு போட்டா மெல்லத் திரும்பப் பச்சையாகும். ஞாபகம் இருக்குமான்னு எங்க பெரிய விஞ்ஞானிகிட்டயே கேட்டேன். அவர் பேனாவைக் கீழ வெச்சார். “உங்க அண்ணன் என்ன படிச்சிருக்கார்?”ன்னார். ஒண்ணும் படிக்கலைன்னேன். “அதான்”ன்னார். எண்ணறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு மருந்து விடுவோம், நீந்தறது நின்னுடும். தும்மினா முதல்லேர்ந்து எண்ணணும். பூட்ஸ் கம்பெனியோடது, ஓட்டை என்னோடது.

இதோட வேற ஒரு டப்பா அனுப்பறேன். முதல் டப்பாவை இன்னியோட நிறுத்திடு. ஒண்ணு கூடத் தின்னாதே. மிச்சத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுடு. சரக்கு ஒண்ணுதான், இது கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான். இனிமே இதையே சாப்பிடு.

மறக்காதே அண்ணே. பழசு வேண்டாம். தையல்காரம்மா, இந்த வரியை நீங்க அவருக்கு ரெண்டு தரம் படிச்சுக் காட்டுங்க.

நீ வேற ஏதாவது சொல்லணும்னு நினைச்சா சொல்லு. நான் கோபப்பட மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா படிப்பேன்.

உன் தங்கச்சி


மார்ச் 20

பொடிசுக்கு,

உட்கார்ந்து படி.

முதல் விஷயம். அந்த மாத்திரையில ஒண்ணைக் கூட நான் தின்னலை. தினம் ஒண்ணு தீருதுன்னுதான் எழுதினேன், நான் தின்னேன்னு எழுதலை. வேணும்னா எடுத்துப் பாரு. கோழிக்குப் போட்டேன். புதுச் சாமான் வந்தா முதல்ல ஓரமா ஒரு மிஷின்ல மாட்டி ஓட்டிப் பார்ப்போம், அப்புறம்தான் பெரிய மிஷின். அது ஸ்டோர் வழக்கம்.

ரெண்டாவது விஷயம். மேனேஜர், கேஷியர், டைப்பிஸ்ட் மூணுக்கும் கால்ல சிவப்பு நூல் கட்டினேன். மத்த மூணுக்கும் வெள்ளை நூல். நூல் தையல்காரம்மா கொடுத்தது. நடுவுல ஒரு தடுப்பு, தீவனம் ஒண்ணு, தண்ணி ஒண்ணு, நிழல் ஒண்ணு. தினம் காலையில ஒரு மாத்திரையை ஊசியால குத்திப் பிழிஞ்சு சிவப்பு நூல்காரங்க தீவனத்துல பிசைஞ்சு வெப்பேன். ஜனவரி முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சேன்.

இருபத்தாறு நாள் உன் முதல் டப்பா போச்சு. அந்த இருபத்தாறு நாளும் கருவுல சொல்லிக்கற மாதிரி மாத்தம் இல்லை. சிவப்பு நூலும் சுண்ணாம்பு, வெள்ளை நூலும் சுண்ணாம்பு. இவ்வளவு சிவப்பா எண்ணெய் உள்ள போகுதே, எங்கதான் போகுதுன்னு எனக்குத் தூக்கம் வரலை. எச்சத்தைக் கூடக் கிளறிப் பார்த்தேன். தையல்காரம்மா இதை எழுத மாட்டேன்னாங்க. எழுதுங்கன்னேன்.

பிப்ரவரி இருபத்தஞ்சு புதன்கிழமையிலேர்ந்து ரெண்டாவது டப்பா. எட்டாவது நாள், மேனேஜர் போட்ட முட்டையை உடைச்சேன்.

பொடிசு, எனக்குத் தெரிஞ்சது. இந்தக் கண்ணுக்கே தெரிஞ்சது. தட்டு நடுவுல ஒரு பழுத்த நிறம். நேரா பார்த்தா மங்குது, தலையை லேசாச் சாய்ச்சா அப்படியே எரியுது. சுளை ஆரஞ்சு. மூணு மாசத்துல நான் சரியாப் பார்த்த முதல் நிறம் அதுதான்.

என் கண்ணை நானே நம்பலை. மறுநாள் ஆறு கிண்ணம் எடுத்து வெச்சேன். ஆறு முட்டை, எது யாரோடதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். சூப்பர்வைசர் போடலை, அதுக்குப் பதில் வாட்ச்மேனோட முந்தின நாள் முட்டை. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, வித்தியாசம் தெரியுதான்னேன். ஊசியில நூல் கோக்கற கண்ணு அவங்களுக்கு. ஒரு நொடி கூட ஆகலை, “இது, இது, இது”ன்னு மூணைத் தொட்டாங்க. மூணும் சிவப்பு நூல். அதுக்கு அப்புறமும் ரெண்டு வாரம் பார்த்துட்டுத்தான் இதை எழுதறேன்.

இப்ப மூணாவது விஷயம். சரக்கு ஒண்ணுதான்னு எழுதின. ரெண்டு டப்பாவுலயும் பிழிஞ்சா வர்றது என் கண்ணுக்கு ஒரே சிவப்புதான், ஒத்துக்கறேன். ஆனா கோழிக்கு அது ஒண்ணு இல்லை. நாப்பத்தொரு வருஷத்துல எத்தனையோ பேர் ரெண்டு சரக்கை ஒண்ணுன்னு சொல்லி என் தலையில கட்டப் பார்த்திருக்காங்க, ஒருத்தன் ஜெயிச்சதில்லை. நீயா கட்டப் பார்க்கற?

என்னைப் பொய்யன்ன இல்ல? இப்ப நீ சொல்லு. டப்பாவுல என்னத்தை மாத்தின? எதுக்கு மறைச்ச?

சின்னண்ணன்

(இது நான், தையல்காரி, என் சொந்தக் கையால எழுதறது. நீங்க போன கடிதத்துல என்னைப் பார்த்து எழுதினதால சொல்றேன். இந்த வீட்டுல நான் கை மட்டும்தான், வாய் இல்லை. என்கிட்ட எதுவும் கேட்காதீங்க. ஆனா அவர்கிட்ட கேளுங்க.)


மார்ச் 29

அண்ணே,

உட்கார்ந்துதான் படிச்சேன். “ஒண்ணைக் கூடத் தின்னலை”ங்கற வரியில கடிதத்தை மடியில வெச்சுட்டு அழுதேன். பக்கத்து மேஜைப் பொண்ணு யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டா. இல்லை, சாகலைன்னேன்.

அழுது முடிச்சதும் கோபம் வந்தது. அதை எழுதறேன்.

பிப்ரவரி 9ஆம் தேதி கடிதத்தைப் பிரிச்சேன் இல்ல, தாள்லேர்ந்து சிகரெட் வாசனை. லேசா இல்லை அண்ணே. பெரியண்ணன் சட்டையை மடிக்கும்போது வருமே, அந்த வாசனை. உறையை முகர்ந்தேன், அதுலயும். தையல்காரம்மா வீட்டு வாசனையோன்னு நினைச்சேன். முதல் கடிதத்தை எடுத்து முகர்ந்தேன், அதுலயும் இருந்தது. அன்னிக்கு உன் கடிதத்தைப் பார்த்த சந்தோஷத்துல மூக்கு வேலை செய்யலை. நீ எங்க வெப்பன்னு எனக்குத் தெரியாதா? சட்டைப் பை. எழுதி வாங்கின கடிதத்தையும் சிகரெட் பாக்கெட்டையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டு தபாலாபீஸ் வரைக்கும் நடந்திருக்க.

அன்னிக்கு எனக்கு என்ன ஆச்சு தெரியுமா? மூணு வாரத்துக்கு முன்னாடி நான் என் கையால அறுபது மாத்திரை அனுப்பியிருக்கேன். குடிக்கறவன் தொடவே கூடாததை. தினம் காலையில ஒண்ணு தீருதுன்னு நீ எழுதியிருக்க. பெரியண்ணனை சிகரெட் கொன்னுச்சு. சின்னண்ணனை நான் கொல்றேன். ரெண்டு நாள் பதிலை எழுதி எழுதிக் கிழிச்சேன்.

அதனாலதான் மாத்தினேன். அடுத்த கட்டடத்துல வேற பாசி வளர்க்கறாங்க. நல்ல தண்ணியில வளர்றது, பச்சை. அதுலேர்ந்து எடுக்கறது லூட்டின், கெட்டியா இருந்தா சிவப்பாத் தெரியற மஞ்சள் சாயம். குடிக்கறவங்களுக்கு பீட்டா கரோட்டினுக்குப் பதிலா அதைத்தான் தர்றாங்க. உண்மையைச் சொல்லி அனுப்பினா நீ கோபத்துல தூக்கி எறிவ, பழசையே தின்னுக்கிட்டு இருப்பன்னு பயந்தேன். சரக்கு ஒண்ணுதான்னு பொய் சொன்னேன். ஆமாம், பொய்தான். உன் கோழி என்னைப் பிடிச்சிருச்சு.

நீ கேட்ட கேள்வி, இருபத்தாறு நாள் சிவப்பு எங்க போச்சு? கோழி உடம்புல பீட்டா கரோட்டின் பெரும்பாலும் வைட்டமின் ஏவா மாறிடும், அதுக்கு நிறம் கிடையாது. கருவுக்கு வந்து சேர்றது ரொம்பக் கொஞ்சம். லூட்டின் அப்படி இல்லை, அது நிறத்தோடயே போய்க் கருவுல உட்காரும். உன் கண்ணு நடுவுல மஞ்சள் புள்ளி இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அந்த மஞ்சளும் இதே சாயம்தான். மேனேஜர் முட்டையில நீ பார்த்தது உன் கண்ணுல தேயற சாமானைத்தான்.

இதை நான் எங்க விஞ்ஞானிகிட்ட சொன்னேன். நூல் கட்டினது, தடுப்பு, ஆறு கிண்ணம், தையல்காரம்மாகிட்ட சொல்லாம கேட்டது எல்லாம். அவர், “கோழி இன்னும் நாலு கூட இருந்திருக்கலாம். மத்தபடி தப்பு சொல்ல ஒண்ணும் இல்லை”ன்னார். பெருமையாத்தான் இருந்தது. ஆனா பெருமைப்பட விடாம ஒண்ணு உறுத்துது.

ஸ்டோர் வழக்கம்னு எழுதினியே, அதை நான் நம்பலை. நீ ஏன் தின்னலைன்னு எனக்குத் தெரியும். புகை பத்தி எழுதின வரியை தையல்காரம்மா படிச்ச அன்னிக்கே நீ முடிவு பண்ணிட்ட. அது உனக்கு விஷம்னு உனக்குத் தெரியும். “பொடிசு, நான் இன்னும் குடிக்கறேன், வேற அனுப்பு”ன்னு ஒரு வரி சொல்லியிருந்தா அடுத்த பஸ்ஸுல சரியானது வந்திருக்கும். கண்ணு போனாலும் பரவாயில்லை, அந்த ஒரு வரியைச் சொல்ல மாட்டேன்னு ரெண்டு மாசம் கோழிக்குப் பிசைஞ்சு போட்டுக்கிட்டு இருந்திருக்க. இன்னொண்ணும் கேளு. அந்த மஞ்சள் புள்ளிக்கு சிகரெட்டை விடப் பெரிய எதிரி வேற இல்லை. டாக்டர் உன்னைக் கேட்டிருப்பார். என்ன சொன்ன?

இனி சத்தியம் எல்லாம் எனக்கு வேண்டாம். ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருக்கேன்.

தங்கச்சி


ஏப்ரல் 21

பொடிசுக்கு,

அடுப்புப் பட்டன் நல்லாத்தான் வேலை செய்யுது. அன்னிக்கும் செஞ்சது.

இதைச் சொல்றதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு. தையல்காரம்மா தினம் சாயங்காலம் பேனாவோட வந்து உட்காருவாங்க, நான் கோழியைப் பத்திப் பேசுவேன், அவங்க மூடியைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நேத்துதான், “பெரியவரே, முட்டை வாங்கிட்டு ஒரு எழுத்தும் எழுதாம போக எனக்குக் கூச்சமா இருக்கு”ன்னாங்க.

முதல் சிகரெட் எனக்குப் பத்தொன்பது வயசுல. ஸ்டோர் பின்பக்கம், சரக்கு இறக்கற கதவுக்கிட்ட. பெரியண்ணன் கையில ஒண்ணே ஒண்ணு இருந்தது. அப்ப ரெண்டு வாங்க வக்கில்லை. பிளேடால நடுவுல வெட்டி, பில்டர் இருக்கற பாதியை எனக்குக் கொடுத்தார். “நீ சின்னவன், உனக்கு இருமல் வரும்”ன்னார். கையில காசு வந்த அப்புறமும் அப்படித்தான், எப்பவும் எனக்குத்தான் பில்டர் பாதி. அவர் போன அன்னிக்கு, தலைமாட்டுல நின்னு சத்தியம் பண்ணும்போது நான் பொய் சொல்லலை. நிஜமாத்தான் சொன்னேன். பதினோரு நாள் தாக்குப் பிடிச்சேன். பன்னெண்டாவது நாள் ஒண்ணு வாங்கி, பழக்கதோஷத்துல பாதியா வெட்டிட்டேன். வெட்டினதுக்கு அப்புறம்தான் இன்னொரு பாதியைக் கொடுக்க ஆள் இல்லைங்கறது தெரிஞ்சது. ரெண்டையும் நானே குடிச்சேன். அன்னிக்கு ஆரம்பிச்சதுதான்.

உன்கிட்ட ஏன் சொல்லலைன்னா, பெரியண்ணனுக்கு அப்புறம் எனக்கு மேல யாரும் இல்லை. உனக்கு மேல நான் ஒருத்தன் இருக்கணும்னு நினைச்சேன். வேற காரணம் இல்லை.

கண் டாக்டர்கிட்ட போய் நிஜத்தைச் சொன்னேன். போன தடவை கேட்டப்ப, விட்டு வருஷக்கணக்காச்சுன்னு சொல்லியிருந்தேன். அவர் கோபப்படலை, எழுதி வெச்சிருந்ததை அடிச்சுட்டு வேற எழுதினார். அடிக்கற சத்தம் கேட்டது. ரெண்டாவது டப்பாவைக் காட்டினேன், இதைச் சாப்பிடலாம்னார், முதலாவது எந்தக் காலத்துலயும் வேண்டாம்னார். மாத்திரை பாதி வேலைதான் பார்க்கும், மீதி பாதி உங்க சட்டைப் பையில இருக்குன்னார். பாதி பாதின்னு அவரும் சொல்றார் பாரு.

இப்ப தினம் ஒண்ணு தீருது. நான் தின்னு தீருது. கோழிக்குக் கீரைத் தண்டு வாங்கிப் போடறேன், அதுக்கே கரு பழுக்குது. டைப்பிஸ்ட் கால்லேர்ந்து மட்டும் நூலைக் கழட்ட முடியலை, கொத்துது.

சத்தியம் வேண்டாம்ன. சரி, பண்ணலை. இதோட ஒரு வெத்துத் தாள் மடிச்சு வெச்சிருக்கேன். ஏப்ரல் எட்டாம் தேதியிலேர்ந்து பதிமூணு நாள் அது என் சட்டைப் பையில இருந்தது, சிகரெட் இருந்த அதே பை. ராத்திரி தலையணைக்கு அடியில. வாயால சொன்னா நீ நம்ப மாட்ட, நானே நம்ப மாட்டேன். முகர்ந்து பாரு.

அஞ்சாம் நாள் ஒண்ணு குடிச்சேன். பாதி குடிச்சுட்டு மீதியைக் கோழித் தொட்டித் தண்ணியில போட்டு அணைச்சேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கிட்டு இருந்தது. அதுக்கு அப்புறம் இல்லை.

சின்னண்ணன்


ஏப்ரல் 28

அண்ணே,

தாளை முகர்ந்தேன். முதல்ல வீட்டுல, அப்புறம் வாசல்ல காத்துல நின்னு, அப்புறம் ஆபீஸ்ல. கோழித் தீவன வாசனை இருக்கு. வேர்வை இருக்கு. மூலையில கொஞ்சம் வெங்காயம், அது எப்படின்னு தெரியலை. நம்ம விஞ்ஞானிகிட்ட கூட, என்னன்னு சொல்லாம, நீட்டினேன். முகர்ந்து பார்த்துட்டு, “கோழி”ன்னார்.

சிகரெட் எங்கயும் இல்லை, அண்ணே. அஞ்சாம் நாளோடதும் இல்லை. நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

சனிக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன். நேரா நின்னா என் முகம் உனக்கு மங்கும், அதனால நான் கொஞ்சம் ஓரமா நிக்கறேன். நீ தலையைச் சாய்ச்சுப் பாரு. டைப்பிஸ்ட் நூலை நான் கழட்டறேன், என்னைக் கொத்தட்டும்.

அடுப்பை நீயே பத்த வை. அந்தப் பட்டன் சத்தத்தை நான் ஒரு தடவை கேட்கணும்.

பொடிசு